படவேட்டுக்கு எந்தக் காரில் போவது? – சாமானியரின் செடான் கார் வரலாறு

ஆடி வெள்ளிக்கிழமையில் சந்தவாசலில் இருந்து படவேடு போகும் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்றால் போதும். தமிழ்நாட்டில் எந்தக் கார் ஓடுகிறது, எது ஓய்ந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைக்க வருகிற கூட்டம் பஸ்ஸிலும் வேனிலும் வரும். கொஞ்சம் வசதி உள்ள குடும்பம் ஒரு காரைப் பேசிக்கொண்டு வரும். அந்தக் காரில் தாத்தா பாட்டி முன்னால், மற்றவர்கள் பின்னால், அரிசி, வெல்லம், பானை, விறகு எல்லாம் டிக்கியில்! காருக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்றால் இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

படவேடு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இன்று வாழைத் தோட்டங்களும் கமண்டல நதியும் செண்பகத்தோப்பு அணையும் உள்ள அமைதியான ஊர். 14ஆம் நூற்றாண்டில் இது சம்புவராயர்களின் தலைநகரம். கோட்டையும் கோயில்களும் நிறைந்த ஊராக இருந்து, பிறகு பாதி மண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கோயில்களில் பலவற்றைப் புதுப்பித்ததில் டி.வி.எஸ். நிறுவனத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு. அதாவது 1911ல் பஸ் விட ஆரம்பித்த டி.வி.சுந்தரம் அய்யங்காரின் குடும்பம். வண்டி வரலாற்றையும் படவேட்டையும் சேர்த்துப் பேச இது ஒன்றே போதுமான சாக்கு!

சரி, விஷயத்துக்கு வருவோம். செடான் என்றால் முன்னால் என்ஜினுக்கு ஒரு பெட்டி, நடுவில் ஆட்களுக்கு ஒரு பெட்டி, பின்னால் சாமானுக்கு ஒரு பெட்டி என்று மூன்று பெட்டி உள்ள கார். நம் ஊரில் "டிக்கி வைத்த கார்" என்றால் எல்லோருக்கும் புரியும். நடுத்தரக் குடும்பமும் வாடகைக் காரோட்டியும் வாங்கக்கூடிய விலையில் வந்த செடான்களில் எது சிறந்தது என்ற சண்டை இந்தியாவில் அறுபது எழுபது வருடமாக நடக்கிறது. விலை, என்ஜின், பாதுகாப்பு, வசதி என்ற நான்கை வைத்து அந்தச் சண்டையைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அந்த அறுபது வருடத்தில் ஏறக்குறைய ஐம்பது வருடம் யாருமே பாதுகாப்புக்கு மார்க் போடவில்லை.

மூன்றே மூன்று கார்கள்

சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் கார் "செய்யப்படவில்லை", பூட்டப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்றது. ஃபோர்டும் சென்னை உட்பட சில துறைமுக நகரங்களில் அதையே செய்தது. 1953ல் வரிக் கமிஷன் சொன்னதை ஏற்று, இங்கேயே முழுக் காரையும் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று அரசு சொல்லிவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் கிளம்பின. மிஞ்சியவை மூன்று. கல்கத்தா அருகே உத்தரபாராவில் பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் வால்சந்தின் பிரீமியர், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

இந்த மூன்றும் கொடுத்த கார்கள்தான் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றும் வெளிநாட்டுக் கார்களின் பிரதிகள். அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. 1957 முதல் இங்கே தயாரானது. ஃபியட் 1100 இத்தாலியக் கார். பிறகு 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு; 1961ல் சென்னைக்கு வந்தது.

விலையைப் பற்றிச் சொன்னால் இன்றைய தலைமுறை நம்பாது. விலையைக் கம்பெனி வைக்கவில்லை, அரசு வைத்தது. காரை யாருக்கு எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பதற்கும் 1959ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை இருந்தது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விலை கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போயின. கார் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்க்க, ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஏ.கே.சர்க்கார் தலைமையில் ஒரு கமிஷனே உட்கார்ந்தது. 1971ல் தீர்ப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், இந்தியாவில் கார்களை ஒப்பிட்டு அலசிய முதல் பெரிய "ரிவ்யூ"வை எழுதியவர்கள் நீதிபதிகள்தான். ஆனால் அவர்கள் பார்த்தது விலையை மட்டும்.

மற்றதை ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அம்பாசிடரின் பலம் அதன் உடம்பு. 1489 சிசி என்ஜின் பெரிய வேகம் தராது. ஆனால் முன்னால் ஒரே நீள சீட்டு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி, பின்னால் தாராளமான இடம். முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள் என்று கணக்கில்லாமல் ஏறலாம். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பாரம் ஏற ஏறத்தான் வண்டி அழகாக உட்கார்ந்து ஓடும். எந்த ஊர் மெக்கானிக்கும் மரத்தடியில் படுத்துக்கொண்டே பிரித்து மாட்டிவிடுவார். 1970களின் இறுதியில் டீசல் என்ஜின் வந்ததும் வாடகைக் கார் தொழிலே அதன் கையில் போனது. வெறும் 37 குதிரை சக்தி. மேடு ஏறும்போது பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். இருந்தாலும் கிலோமீட்டருக்கு ஆகும் காசைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஃபியட் சொந்தமாக ஓட்டுபவர்களின் கார். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் என்றால் ஃபியட். 1089 சிசி, சுமார் 40 குதிரை சக்தி, எடையும் குறைவு. அதனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சந்து பொந்தில் திரும்பும். பெரிய குடும்பத்துக்கும் பொங்கல் பானைக்கும் இடம் போதாது. பம்பாயில் மட்டும் டாக்ஸி என்றாலே ஃபியட்தான். தெற்கே அந்த இடம் அம்பாசிடருக்கு.

ஹெரால்டுதான் பரிதாபம். மூன்றில் அதுதான் அழகு. மிக்கேலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கியர் நவீன முறையில் தரையில் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஆனால் இங்கிலாந்தில் சொகுசாக இருந்த அந்தப் பின் சஸ்பென்ஷன் நம் சாலைக்கும் நம் பாரத்துக்கும் ஒத்துவரவில்லை. வேகமாக வளைவில் திருப்பினால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கும் குணமும் அதற்கு உண்டு. முதலில் இரண்டு கதவுகள்தான். பின்னால் ஏறப் பாட்டிமார்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் வந்தது, அது இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. அதன் பிறகு கசல் என்ற காரில் பின் அச்சையும் மாற்றினார்கள். சரியான முடிவுதான், ஆனால் தாமதம். 1977ல் கசலும் நின்றது.

பாதுகாப்பில் மூன்றுக்கும் பூஜ்யம்தான். சீட் பெல்ட் கிடையாது, தலைக்குப் பின்னால் தாங்கல் கிடையாது, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அம்பாசிடருக்கு "தகடு கெட்டி, மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒரு பெயர் இன்றுவரை இருக்கிறது. இது பெரிய தவறான நம்பிக்கை. மோதும்போது காரின் இயக்க ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். இன்றைய காரின் முன்பகுதி வேண்டுமென்றே நசுங்கும்படி செய்யப்படுகிறது. அந்த நசுங்கலில் ஆற்றல் செலவாகிவிடும், ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் நசுங்காமல் நிற்கும். முன்பகுதி நசுங்காத காரில் அந்த அடி நேராக உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கு வரும். ஸ்டியரிங் தண்டும் கூடவே வரும். விபத்துக்குப் பிறகு "கார் நன்றாகத்தான் இருந்தது, ஆள்தான் போய்விட்டார்" என்று ஊரில் பேசிக்கொள்வதற்குப் பின்னால் இந்த இயற்பியல்தான் இருக்கிறது.

இந்த மூவரில் வரிசை வைத்தால் வாடகைக்கு அம்பாசிடர், வீட்டுக்கு ஃபியட், ஹெரால்டு மூன்றாவது. சென்னையில் பிறந்த கார் கடைசி என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். என்ன செய்வது!

வண்டலூரின் கடைசி முயற்சி

ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தது. உருவம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரோவர். உள்ளே வைத்த என்ஜின் பழைய வேங்கார்டு காலத்தது. பட்டு வேட்டிக்குக் கிழிந்த பனியன் மாதிரி. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதைவிட அதிகம் என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். 1988ல் உற்பத்தி நின்றது, வண்டலூர் தொழிற்சாலையும் முடிந்தது. இதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்தியர்களின் கார் ஆசையையே மாற்றிவிட்டிருந்தது. அது செடான் அல்ல என்பதால் இங்கே அதிகம் பேச வேண்டாம். ஆனால் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகும் கார், கதவு ஒழுங்காகச் சாத்தும் கார் என்று ஒன்று உண்டு என்பதை மக்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

அதன் தொடர்ச்சியாக 1990ல் மாருதி 1000 வந்தது. விலை 3.81 லட்சம். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஊரில் வீடே கட்டலாம். அப்படியும் குலுக்கல் போட்டுக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம். 970 சிசி என்ஜின் அந்த உடம்புக்குப் போதவில்லை. ஏசி போட்டால் மூச்சு வாங்கும். 1994ல் அதே உடம்பில் 1298 சிசி என்ஜினை வைத்து எஸ்டீம் என்று விட்டபோதுதான் அது உருப்படியான கார் ஆனது. முன் சீட்டுக்கு சீட் பெல்ட் கட்டாயம் என்று விதி வந்ததும் இதே 1994ல்தான். பெல்ட் வந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சென்னையின் பொற்காலம்

1990களின் பிற்பகுதியில் கதை மீண்டும் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், திருவள்ளூரில் மிட்சுபிஷி லேன்சரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ். நாற்பது வருடம் முன்பு கிளம்பிப் போன ஃபோர்டு திரும்பி வந்தது. சென்னையில் இருந்து பூந்தமல்லி, காஞ்சிபுரம், ஆற்காடு, ஆரணி வழியாகப் படவேடு போகிறவர்கள் ஹூண்டாய் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1999ல் ஒரே நேரத்தில் ஃபோர்டு ஐகானும் ஹூண்டாய் ஆக்சென்ட்டும் வந்தன. இரண்டும் ஐந்து லட்சத்துக்கு முன்னும் பின்னுமான விலை. ஐகான் இந்தியாவை மனதில் வைத்தே செய்யப்பட்டு, இங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் கப்பலேறியது. அதன் 1.6 லிட்டர் என்ஜின் சுமார் 92 குதிரை சக்தி. ஓட்டுகிற சுகத்தில் அதற்கு நிகர் அந்த விலையில் கிடையாது. கல்லூரிப் பையன்கள் கனவு கண்ட கார் அது. ஆனால் உதிரி பாகங்களின் விலை மைலேஜை விட அதிகமாகப் பேசப்பட்டது. ஆக்சென்ட் எதிலும் முதல் இல்லை, எதிலும் கடைசி இல்லை. அமைதியான என்ஜின், நல்ல ஏசி. 2002ல் காமன் ரெயில் டீசல் என்ஜினோடு வந்தபோது, டீசல் கார் என்றால் டிராக்டர் சத்தம் என்ற எண்ணத்தை உடைத்தது அதுதான். எஸ்டீமோ எடை குறைவு, என்ஜினைப் பிறகு 85 குதிரை சக்திக்கு ஏற்றியதும் பிக்அப் பிய்த்துக்கொண்டு போகும். சர்வீஸ் சென்டர் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மெல்லிய தகடு, எளிய பிளாஸ்டிக். அதே 2002ன் இறுதியில் டாடா இண்டிகோவும் சேர்ந்தது; பின் சீட்டில் சொகுசு, டீசல், குறைந்த விலை. டாக்ஸிக்காரர்கள் அம்பாசிடரில் இருந்து இறங்க ஆரம்பித்தது இதில்தான்.

நால்வரில் முதலிடம் யாருக்கு? ஓட்டுபவருக்கு ஐகான், பர்சுக்கு எஸ்டீம், பின்னால் உட்காருபவருக்கு இண்டிகோ, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆக்சென்ட். இவற்றின் சாதாரண மாடல்களில் ஏர்பேக் கிடையாது. பவர் ஸ்டியரிங், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக்கிங் இருக்கிறதா என்று கேட்ட காலம் அது.

நான்கு மீட்டர் கத்திரி

2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500க்குள். இந்த ஒரு வரி இந்திய செடானின் உருவத்தையே வெட்டிவிட்டது. 2008 ஜனவரியில் டாடா இண்டிகோவின் பின்பக்கத்தைக் குறைத்து 3,988 மி.மீ. நீளத்தில் இண்டிகோ சிஎஸ் விட்டது. மாருதி அதே ஆண்டு மார்ச்சில் ஸ்விஃப்ட் டிசையரை விட்டது. அது 4,160 மி.மீ. நான்கு வருடம் யோசித்துவிட்டு 2012ல் அதையும் 3,995க்கு வெட்டியது. டிக்கி 440 லிட்டரில் இருந்து 316 ஆனது! அதாவது வரி குறைந்தது, பொங்கல் பானை வெளியே போனது. பிறகு ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் எக்ஸென்ட், டாடா ஜெஸ்ட், ஃபோர்டு ஆஸ்பயர், டிகோர், ஆரா என்று எல்லோரும் அதே அளவுகோலை வைத்துத் துணி தைத்தார்கள். ஹேட்ச்பேக்குக்கு முதுகில் மூட்டை கட்டியது போல் சில இருந்ததை மறுக்க முடியாது. இருந்தும் 2018ல் டிசையர் ஆல்ட்டோவையே முந்தி நாட்டில் அதிகம் விற்ற கார் ஆனது.

இந்தக் கத்திரிக்குள் வராமல் தனியாக நின்றது டொயோட்டா எட்டியோஸ். 2010 இறுதியில் வந்தது, 2020ல் நின்றது. மீட்டரை ஓட்டுநருக்கு முன்னால் வைக்காமல் நடுவில் வைத்திருந்த அந்த அழகைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டிக்கி ஏறக்குறைய 600 லிட்டர், பின் சீட்டில் மூன்று பேருக்குத் தாராளமாக இடம், எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் சலிக்காத என்ஜின். குளோபல் என்காப் சோதனையில் நான்கு நட்சத்திரம். அம்பாசிடருக்கு உண்மையான வாரிசு யார் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். 2014ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது அதன் இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

யார் மார்க் போட்டது?

அந்த 2014ல்தான் பெரிய அதிர்ச்சி வந்தது. லண்டனைச் சேர்ந்த குளோபல் என்காப் அமைப்பு இந்தியாவின் பிரபலமான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோத வைத்தது. ஆல்ட்டோ, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ. ஐந்துக்கும் பூஜ்யம். ஏர்பேக் வைத்த போலோவை மறுபடி மோதியபோது நான்கு நட்சத்திரம் வந்தது. கூண்டு பலமாக இருந்து ஏர்பேக் மட்டும் இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான் என்று நாடே பாடம் படித்தது. அதன் பிறகுதான் விதிகள் வரிசையாக வந்தன. 2019ல் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும், 2021ல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்காப் தொடங்கியது.

செடான்களின் வரிசை இதில் தலைகீழானது. டிகோர் 2020ல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அமேஸின் கதை சுவாரஸ்யமானது. 2019ல் நான்கு நட்சத்திரம். அதே தலைமுறைக் கார் 2024ல் இரண்டு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். கார் கெட்டுப்போகவில்லை, 2022ல் கேள்வித்தாள் கடினமாகியிருந்தது. பக்கவாட்டு மோதல், சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி எல்லாம் மார்க்கில் சேர்ந்தன. எனவே "நான்கு நட்சத்திரம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த வருடத்து நான்கு என்று கேட்க வேண்டும். அந்த 2024 நவம்பரில் வந்த புதிய டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதிக்கு அதுவே முதல் ஐந்து. "மாருதி என்றால் தகர டப்பா" என்று கேலி செய்தவர்கள் கொஞ்ச நாள் வாயடைத்துப் போனார்கள். அறிமுக விலை 6.79 லட்சம், எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக். மூன்று சிலிண்டர் என்ஜினின் பிக்அப் சுமார்தான். ஆனால் விலை, மைலேஜ், பாதுகாப்பு மூன்றையும் கூட்டினால் இன்றைய சிறிய செடான்களில் முதலிடத்தை அதற்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததில் இந்தக் கார்கள் எல்லாமே இன்னும் கொஞ்சம் கைக்கு எட்டின. ஐகானையும் ஆஸ்பயரையும் கொடுத்த ஃபோர்டு மட்டும் இந்தப் பந்தயத்தில் இல்லை. 2021ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது.

இதெல்லாம் வெறும் கார் பைத்தியங்களின் பேச்சு அல்ல. 2022ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. அதில் 17,884 பேர் இறந்தார்கள்.

இப்போது படவேட்டுக்கு வருகிற வாடகை செடான்களைப் பாருங்கள். பலவற்றில் டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. பானையும் விறகும் மேலே கேரியருக்கு ஏறிவிட்டன. முன்னால் ஏர்பேக் இருக்கிறது. பின் சீட்டில் மூன்று பேருக்குப் பதில் ஐந்து பேர், மடியில் ஒரு குழந்தை. அழுக்காகக் கூடாது என்று ஓட்டுநர் போட்ட ரெக்சின் உறைக்கு அடியில் பின் சீட்டு பெல்ட்டின் கொக்கி எங்கோ புதைந்து கிடக்கிறது.